முதியோரின் மளிகைப் பையும் ஆனைகட்டிக் கடையின் அலமாரியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதத்தில் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைத் திருத்தி வெளியிட்டன. மொத்தம் 17 வழிகாட்டுதல்கள். முதியோரின் உணவில் சத்து மிகுந்த பொருள்களைச் சேர்க்க வேண்டும் என்கிறது ஒன்று. பொட்டலத்தின் மேலட்டையைப் படித்து, அறிந்து, நல்ல உணவைத் தெரிவு செய்ய வேண்டும் என்கிறது மற்றொன்று. இரண்டும் சரியான அறிவுரைகளே. ஆனால் இவ்விரண்டும் ஒரு கடையை முன்னரே கற்பனை செய்துகொள்கின்றன. அக்கடையில் பல பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கும். வாங்குபவரின் கையில் போதிய பணம் இருக்கும். மேலட்டையின் எழுத்து அவருக்குத் தெரிந்த மொழியில், அவர் கண்ணுக்கு எட்டும் அளவில் இருக்கும். வாங்கியதைச் சுமந்து வீடு சேர அவருக்கு வழியும் இருக்கும். இந்த நான்கில் ஒன்றும் உறுதியில்லாத இடத்தில் வாழும் முதியவருக்கு 'அறிந்து வாங்குங்கள்' என்ற சொல் என்ன பொருள் தரும் என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வினா. அதற்கு விடை தேட ஆனைகட்டி பொருத்தமான இடம்.

கோயம்புத்தூரிலிருந்து மன்னார்க்காடு செல்லும் சாலையில், மலைக்கும் மலைக்கும் இடையே அமைந்த எல்லையூர் ஆனைகட்டி. கொடுங்கரைப் பள்ளம் என்னும் ஆறு இரு மாநிலங்களைப் பிரிக்கிறது. இக்கரை கோயம்புத்தூர் மாவட்டம். அக்கரை பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இருகரையிலும் இருளர் வாழ்கின்றனர். அட்டப்பாடியில் முடுகரும் குறும்பரும் உள்ளனர். சாலையோரத்து ஆனைகட்டிக்குப் பேருந்து வருகிறது. ஆனால் தூமனூர், சேம்புக்கரை போன்ற மலைக் குடியிருப்புகளிலிருந்து கடைக்கு வருவது யானை நடமாடும் காட்டு வழியில்தான். பறவையியல் ஆய்வுக்காக 1990இல் நிறுவப்பட்ட சாலிம் அலி மையமும் இவ்வூரில்தான் இருக்கிறது. பறவைகளின் உணவும் வாழிடமும் நுட்பமாக ஆராயப்படும் அதே ஊரில், மூத்த மனிதரின் உணவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் அதே அளவு கவனம் உரியது.

இம்மலைகளில் மளிகைக் கடை என்பது வெகுகாலம் தேவைப்படாத ஒன்று. பஞ்சக்காடு என்று அழைக்கப்பட்ட வேளாண் முறையில் ராகியும் சாமையும் தினையும், அவற்றுக்கிடையே துவரையும் அவரையும் கீரையும் ஒரே நிலத்தில் விளைந்தன. தானியம், பயறு, கீரை ஆகிய மூன்றையும் ஒரே காடு தந்தது. உப்பு போன்ற சிலவே வெளியிலிருந்து வந்தன. நிலம் கைமாறியதும், காட்டுச் சட்டங்கள் இறுகியதும், குடியேற்றம் பெருகியதும், காட்டுப்பன்றியும் யானையும் விளைச்சலை அழித்ததும் சேர்ந்து அந்த முறையைச் சுருக்கின. இன்று எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம் வாழ்நாளுக்குள்ளேயே விளைவித்து உண்டவர் என்ற நிலையிலிருந்து வாங்கி உண்பவர் என்ற நிலைக்கு வந்தவர். அவருக்கு உணவைப் பற்றிய அறிவு குறைவில்லை. எந்த அவரை எப்போது பூக்கும், எந்தக் கீரை எந்த நோய்க்கு ஆகும் என்று அவர் அறிவார். அவரிடம் இல்லாதது, அந்த அறிவு செல்லுபடியாகும் கடை.

இதன் முரணை ஒரு செய்தி தெளிவாகக் காட்டும். 2022 டிசம்பரில் கேரளத்தின் ஐந்து விளைபொருள்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு அட்டப்பாடியைச் சேர்ந்தவை: ஆட்டின் கொம்பைப் போல் வளைந்த ஆட்டுக்கொம்பு அவரையும், அட்டப்பாடித் துவரையும். மூன்றாவது, இடுக்கி மலைகளின் காந்தளூர் வட்டவடைப் பூண்டு. ஆக, இம்மலைகளின் பயறுகளுக்குச் சட்டப்படியான பெருமை இருக்கிறது. ஆனால் அந்தப் பயறு அதே மலையின் முதியவருக்கு மாதந்தோறும் கிடைக்கும் பொருள்களின் பட்டியலில் இல்லை.

அந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகக் காண்போம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் அரிசி அட்டைதாரருக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. சர்க்கரை கிலோ 25 ரூபாய். துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர், 25 ரூபாய். நாட்டின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது தாராளமான பட்டியல். பட்டினியைத் தடுத்ததில் இதன் பங்கு மறுக்க முடியாதது. எனினும் முதியவரின் உடல் வேறு கணக்கைக் கேட்கிறது. வயது ஏற ஏறத் தசை தேய்கிறது. அதைத் தாங்குவதற்கு வேண்டியது புரதம். வயதுவந்தோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. முதியோருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று கூறியது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்குக் குறைந்த அளவின்படியே நாளொன்றுக்கு 41 கிராமுக்கு மேல் வேண்டும்.

தனித்து வாழும் முதிய தம்பதியர் இருவர் ஓர் அட்டையில் வாழ்கின்றனர் என்று கொள்வோம். ஒரு கிலோ பருப்பை முப்பது நாளுக்கும் இருவருக்கும் பகிர்ந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 கிராம் பருப்பு. அதில் புரதம் நான்கு கிராமைத் தாண்டாது. முந்நூறு கிராம் அரிசி உண்டால் அதிலிருந்து இருபது கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 25 கிராம் அளவில் நின்றுவிடுகின்றன. எஞ்சியதை முட்டையோ பாலோ மீனோ கூடுதல் பயறோ தர வேண்டும். அவை அனைத்தும் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டியவை. வயிறு நிறைகிறது, உடல் தேய்கிறது. 2017–18இல் நடைபெற்ற இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு, நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் எடை குறைந்தவர்கள் என்று காட்டியது. அதே ஆய்வு ஐந்தில் ஒருவருக்கு மேல் எடை மிகுந்தவர்கள் என்றும் காட்டியது. இரண்டுமே மாவுச்சத்து மிகுந்து, பிற சத்துகள் குறைந்த தட்டிலிருந்து பிறக்கக்கூடியவை.

இனி ரொக்கம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 40 ரூபாய். ஆற்றின் அக்கரையில் கேரள அரசு 1,600 ரூபாயாக இருந்த தொகையை 2025 நவம்பர் முதல் 2,000 ஆக்கியது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். எண்பதைக் கடந்தோருக்கு 500. அந்த 40 ரூபாயில் மருந்து, பேருந்துக் கட்டணம், வெற்றிலை, பேரக்குழந்தைக்கு ஒரு மிட்டாய் எல்லாம் அடங்க வேண்டும். இச்சூழலில் பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தை வாங்கித் தேநீரில் நனைத்துண்ணும் முதியவரை அறியாதவர் என்று சொல்வது எளிது. உண்மையில் அவருடைய கணக்கு துல்லியமானது. பல் இல்லாத வாய்க்கு அது மென்மை, விறகு வேண்டாம், கெட்டுப்போகாது, கையிலுள்ள சில்லறைக்குக் கிடைக்கிறது. அதே நான்கு வசதிகளையும் தரும் அவித்த பயறோ முட்டையோ அந்தக் கடையில் விற்கப்படும்வரை பிஸ்கட் வெல்லும்.

மேலட்டையைப் படித்தல் என்ற அறிவுரை இதைவிடச் சிக்கலானது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிகளின்படி, பொட்டலத்தின் மீது இடம்பெற வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகளைச் சேர்ப்பது உற்பத்தியாளரின் விருப்பம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவருக்கும், மலையாளம் மட்டுமே படித்தவருக்கும், எழுத்தே அறியாத இருளர் மூதாட்டிக்கும் அந்த அட்டை ஒன்றுபோலவே ஊமை. உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின் முகப்பிலேயே காட்டும் முறையை வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஆணையத்துக்குக் காலக்கெடு விதித்தது. அம்முறை எழுத்தை நம்பாத அடையாளமாக, நிறமாகவோ குறியாகவோ அமைந்தால் மட்டுமே ஆனைகட்டியில் அதற்குப் பயன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்ளும் ஒருவர் ஊறுகாயிலும் கருவாட்டிலும் பொட்டல மிக்சரிலும் எவ்வளவு உப்பு சேர்கிறது என்பதை எந்த அட்டையிலிருந்து அறிவார்?

விளம்பரத்தின் மொழி மட்டும் அனைவருக்கும் புரிகிறது. முதியவருக்குச் சத்து தரும் என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் பான மாவுகளில் பலவற்றில் சர்க்கரை கணிசமானது. அத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற வகைப்பாட்டின்கீழ் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது அதன் காரணம். நகரத்துப் பிள்ளையின் அன்பும் மலைவாழ் பெற்றோரின் நம்பிக்கையும் ஒரு வணிகச் சொல்லின் மீது நின்றிருந்தன.

அடுத்தது தொலைவு. இதில் தமிழ்நாடு ஒரு குறிப்பிடத்தக்க அடியை எடுத்து வைத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நியாயவிலைப் பொருள்களை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்ப்பது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளைக் கருதி வகுக்கப்பட்ட திட்டம் இது. கடை வரிசையில் நின்று, தேய்ந்துபோன விரல் ரேகை இயந்திரத்தில் பதியாமல் திரும்பிய முதியவருக்கு இதன் மதிப்பு விளக்கம் வேண்டாதது. இடுக்கி மாவட்டத்தில் முதுவர் வாழும் இடமலைக்குடி போன்ற மலையூர்களின் நெடுநாள் துயரமும் பொருளைக் காட்டுக்குள் கொண்டு சேர்ப்பதுதான் என்பதை எண்ணினால், வாசலுக்கு வரும் வண்டி எத்தகைய மாற்றம் என்பது புரியும்.

ஆயினும் அந்த வண்டி கொண்டுவருவது பழைய பட்டியலைத்தான். தொலைவு தீர்ந்த இடத்தில் உள்ளடக்கம் என்ற கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. யப்பானில் அருகிலிருந்த கடைகள் மூடப்பட்டதால் பொருள் வாங்க வழியற்றுப்போன முதியோரைக் குறிக்க 'கொள்முதல் அகதிகள்' என்று பொருள்படும் ஒரு சொல்லே வழங்குகிறது. அவர்களுக்காக 2012இல் தொக்குசிமா பகுதியில் தொடங்கிய நடமாடும் கடைகள் மீனையும் காய்கறியையும் பழத்தையும் வீட்டு வாசலில் நிறுத்துகின்றன. முதியவர் தாமே பார்த்து, தொட்டு, தெரிவு செய்கிறார். அமெரிக்காவில் வருவாய் குறைந்த முதியோருக்கு, உழவர் சந்தையில் காயும் கனியும் வாங்குவதற்கென்றே அரசு சீட்டுகள் வழங்குகிறது. இவ்விரண்டும் கற்பிப்பது ஒன்றே: தெரிவு செய்யும் உரிமை கிடைப்பதற்கு முன் தெரிவு செய்யத்தக்க பொருள் கண்முன் இருக்க வேண்டும்.

இங்கு சிறுதானியத்தைப் பற்றிய மிகையான நம்பிக்கையையும் அளந்து பார்க்க வேண்டும். 2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்கு ஈடாக இரண்டு கிலோ ராகி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு தொடங்கியது. நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். எலும்பு தேயும் வயதில் இந்த வேறுபாடு பெரிது. அட்டப்பாடியிலும் கேரள அரசு 2017 முதல் சிறுதானியக் கிராமத் திட்டத்தின் வழியே பழைய பயிர்களை மீட்க முயன்றது. ஆனால் ராகியின் புரதம் அரிசியை ஒத்ததே. களியைக் கிண்டக் கைவலு வேண்டும். சாமையைக் குத்தத் துணை வேண்டும். சிறுதானியம் கோயம்புத்தூர் நகரத்து அங்காடிகளில் ஆரோக்கியப் பண்டமாக விலையேறிய பின், அதை விளைவித்தவரே அதை விற்று அரிசி வாங்குவது பொருளாதார அளவில் நியாயமாகிவிடுகிறது. பஞ்சக்காட்டின் அறிவு ராகியில் மட்டும் இருந்ததில்லை. ராகிக்குப் பக்கத்தில் துவரையும் அவரையும் கீரையும் நின்றதில் இருந்தது. மீட்க வேண்டியது அந்தச் சேர்க்கையை.

அக்கரையின் அனுபவம் இதற்குத் துணை செய்கிறது. 2013இல் அட்டப்பாடியின் குழந்தை மரணங்கள் நாட்டையே அதிரச் செய்தபின், குடும்பஸ்ரீயின் வழியே ஊர்தோறும் சமூகச் சமையலறைகள் தொடங்கின. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் சமைத்த உணவே அங்கு வழங்கப்பட்டது. கேரள அரசின் சப்ளைகோ கடைகளில் மானிய விலைப் பட்டியலில் உள்ள 13 பொருள்களுள் பாசிப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, காராமணி, துவரம் பருப்பு என ஐந்து பயறு வகைகள் உண்டு. இருப்பு எப்போதும் சீராக இருப்பதில்லை என்ற குறை அங்கும் கேட்கப்படுவதே. இருந்தும், பட்டியல் என்ற அளவில் அது முதியவரின் உடலுக்கு நெருக்கமானது. ஓர் ஆற்றைக் கடந்தால் மாறிவிடும் பட்டியல், மாற்ற முடியாத விதி ஆகாது.

அலமாரி மாறும்வரை முதியவரும் அவர் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. கையிலுள்ள ரொக்கத்தை முதலில் பயறுக்கும் முட்டைக்கும் ஒதுக்கி, எஞ்சியதில் பொட்டலப் பண்டம் வாங்குவது என்ற வரிசை பயன் தரும். பாசிப்பயறும் காராமணியும் இரவில் ஊறவைத்தால் விறகும் மிச்சம், மெல்லவும் எளிது. விலையில்லாமல் வேலியோரத்தில் கிடைக்கும் கீரையை ஏழ்மையின் அடையாளமாக எண்ணி ஒதுக்க வேண்டியதில்லை. எண்ணெயும் மாவும் சிறு அளவில், கெடு தேதியைக் கடைக்காரரையே படிக்கச் சொல்லி வாங்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் இவை அனைத்தும் ஓரளவே உதவும் என்பதை மறைப்பது நேர்மையாகாது. 25 கிராமுக்கும் 41 கிராமுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அறிவுரையால் நிரப்ப இயலாது.

மறுப்புகள் உண்டு. முதியவர்களே அரிசியைத்தான் விரும்புகின்றனர். அவர்கள் விருப்பத்தில் அரசோ ஆய்வாளரோ தலையிடுவது ஏன் என்பது ஒன்று. விருப்பம் மதிக்கப்பட வேண்டியதே. ஆகவேதான் அரிசியைக் குறைப்பதற்கு மாறாகப் பயறைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டியுள்ளது. மேலும், பல பத்தாண்டுகளாக ஒரே தானியத்தை மட்டும் விலையின்றி வழங்கிவிட்டு, அதன்மீது உருவான சுவையை இயல்பான விருப்பம் என்று வாதிடுவது வலுவற்றது. செலவு என்பது மற்றொரு மறுப்பு. வீட்டு வாசல்வரை செல்லும் வண்டிக்கு எரிபொருளும் ஊழியரும் ஏற்கெனவே செலவாகின்றன. அதே வண்டியில் கூடுதலாக ஒரு கிலோ பயறு ஏறுவதற்கான செலவு பயறின் விலை மட்டுமே. இடறி விழுந்து எலும்பு முறிந்த ஒரு மூதாட்டியை மலையிலிருந்து கோயம்புத்தூர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே கோரத்தக்கவை மூன்று. அறுபதைக் கடந்தோர் உள்ள அட்டைகளுக்கு மாதம் ஒரு கிலோ கூடுதல் பயறு, இயன்ற இடத்தில் அந்தந்த மலையின் உழவரிடமிருந்தே கொள்முதல் செய்து வழங்கப்பட வேண்டும். நீலகிரிக்குக் கிடைத்த ராகித் தெரிவு, அதே மலைத்தொடரில் இருக்கும் கோயம்புத்தூர் மாவட்டத்து மலையூர்களுக்கும் விரிய வேண்டும். பொட்டலத்தின் முகப்பு எச்சரிக்கை எழுத்தறியாதவருக்கும் விளங்கும் குறியாக இருக்க வேண்டும்.

ஆய்வுலகுக்கும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. முதியோர் ஊட்டம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நேற்று என்ன உண்டீர்கள் என்று கேட்டுத் தட்டை அளக்கின்றன. பிறகு விழிப்புணர்வு குறைவு என்று முடிக்கின்றன. அந்தத் தட்டுக்கு முந்தைய கட்டமான கடை அரிதாகவே அளக்கப்படுகிறது. ஒரு மலையூரிலிருந்து நடக்கும் தொலைவுக்குள் எத்தனை கடைகள், அவற்றில் எத்தனை வகைப் பயறு, எந்த அளவில், என்ன விலையில், எந்த மொழி அட்டையுடன், ஆண்டின் எந்த மாதங்களில் கிடைக்கிறது என்ற எளிய கணக்கெடுப்பை ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்துக்குள் செய்துவிடலாம். ஆனைகட்டியில் ஆற்றின் இருகரையிலும் அதைச் செய்தால், ஒரே மக்கள், ஒரே மலை, இரண்டு பட்டியல்கள் என்ற அரிய ஒப்பீடு கிடைக்கும். முதியோருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தும் முன் அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.